கல் எங்கே படும்? பிபிஎஃப் ஒட்டும் முன் ஒரு கணக்கு

தொப்பூர் கணவாய்க்கும் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 44-ல் தினமும் போய்வரும் காரின் முகத்தை, வெயிலில் நிறுத்திக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பானட்டின் முன் ஓரத்தில், ஒரு சாண் அகலத்துக்குள், கடுகளவு புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சிலவற்றில் மேல்பூச்சு மட்டும் சில்லாகப் பெயர்ந்திருக்கும். சிலவற்றில் நடுவே சாம்பல் நிற பிரைமர் எட்டிப்பார்க்கும். ஒன்றிரண்டில் தகடே தெரிந்து, அதன் விளிம்பு பழுப்பாகத் தொடங்கியிருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கருங்கல் குவாரியும் கிரஷரும் நிறைய. தார்ப்பாய் சரியாக மூடாமல் ஜல்லி ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகள் வழியெல்லாம் பொடிக்கல்லைச் சிந்திக்கொண்டே போகின்றன.

அதனால் புதுக் கார் எடுத்தவுடன் பிபிஎஃப் பேச்சு வந்துவிடுகிறது. பெயிண்டின் மேல் ஒட்டும் நிறமற்ற பாதுகாப்பு பிலிம்தான் அது. "முழு வண்டிக்கா, முன்பக்கம் மட்டுமா?" என்பதுதான் கடையில் கேட்கும் முதல் கேள்வி. முழு வண்டிக்கும் நல்ல பிலிம் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். விலையைப் பேசுவதற்கு முன்னால், கல் எங்கே, எப்படிப் படுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

முன்னே போகும் லாரியின் டயர் கிளப்பிவிடும் கல்லுக்குத் தரையைப் பொறுத்தவரை பெரும்பாலும் அவ்வளவு வேகம் இருக்காது. நாம்தான் மணிக்கு 90 கிலோமீட்டரில் போய் அதன்மேல் மோதுகிறோம். 2 கிராம் கல் என்றால் அந்த மோதலின் ஆற்றல் சுமார் 0.6 ஜூல். சின்ன எண்தான், ஆனால் கல்லின் கூர்முனை வழியாக அவ்வளவும் ஒரே புள்ளியில் இறங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 90-ல் போவதை 60-க்குக் குறைத்தால் அடி பாதிக்கும் கீழே வந்துவிடும்.

அடுத்தது கோணம். பம்பர் நிமிர்ந்து நிற்பதால் அடியை முழுசாக வாங்கும். பானட் படுத்திருக்கிறது. 15 டிகிரி சாய்வுள்ள பானட்டில் படும் கல் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். தகட்டுக்குள் நேராக இறங்கும் ஆற்றல் பம்பர் வாங்குவதில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதான். அதே பானட் முன் ஓரத்தில் கீழ்நோக்கி வளைகிறதே, அங்கே கல் நேருக்கு நேர் வந்து மோதும். புள்ளிகள் அந்த ஒரு சாணுக்குள் கூடிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள், கூரையின் முன் விளிம்பு, சைடு மிரரின் முதுகு, ஹெட்லைட் எல்லாம் இதே கதைதான். கதவுகளோ கல் வரும் திசைக்கு இணையாக நிற்கின்றன. எதிரே வரும் கல் அவற்றைத் தொடுவதே அபூர்வம். கதவின் அடி ஓரத்தையும் பின்சக்கர வளைவின் முன்பகுதியையும் அடிப்பது நம் வண்டியின் முன் டயரேதான். அதற்கு முதலில் நல்ல மட்ஃப்ளாப் போடுங்கள்.

சரி, பிலிம் எப்படித் தடுக்கிறது? கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 130 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். பிபிஎஃப் மட்டும் 150 முதல் 200 மைக்ரான். ஆனால் தடிமனைவிடப் பெரிய விஷயம் அதன் குணம். பெயிண்டின் மேலடுக்கான நிறமற்ற கிளியர் கோட் விறைப்பானது; அடி பட்டால் வளையாமல் பெயரும். பிலிம் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேனால் ஆனது. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் மென்மையான துண்டுகளும் கெட்டியான துண்டுகளும் மாறி மாறி வரும். மென்மையானவை நீண்டு கொடுக்கும். கெட்டியானவை முடிச்சுபோல நின்று மறுபடி இழுத்துக்கொள்ளும். கேட்ச் பிடிப்பவர் பந்தோடு கையைப் பின்னுக்குக் கொண்டுபோவாரே, அதே வேலை. அடி கொஞ்சம் கூடுதல் நேரத்துக்கும் கூடுதல் பரப்புக்கும் பரவுகிறது, ஒரு பகுதி வெப்பமாகிக் கரைகிறது. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளைக் காக்க வந்த பொருளின் வாரிசு இது. செராமிக் கோட்டிங்கை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒன்றிரண்டு மைக்ரான்தான். தண்ணீர் வழுக்கும், கழுவ எளிது, கல்லுக்கு ஒன்றும் செய்யாது.

கடைகளில் பித்தளை பிரஷால் பிலிமைத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கீறல் மறைவதைக் காட்டுவார்கள். உண்மைதான். சூடு பட்டதும் மேல்பூச்சின் சங்கிலிகள் இளகிப் பழைய வடிவத்துக்குத் திரும்புகின்றன. நம் ஊர் சித்திரை வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் திரும்புவது மெல்லிய கீறல் மட்டும். அறுந்துபோன இடம் ஒட்டிக்கொள்ளாது.

அந்த டெமோவைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. வெட்டி மீந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். பாலியூரிதேன் நீண்டு, விட்டதும் மெல்லத் திரும்பும். பிபிஎஃப் என்ற பெயரில் விற்கும் பிவிசி பெரும்பாலும் இழுத்த நீளத்திலேயே தொய்ந்து நிற்கும். பிவிசியை வளையவைக்கச் சேர்த்த பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். அப்புறம் பிலிம் விறைத்து வெடிக்கும். பாலியூரிதேனிலும் அலிஃபாட்டிக் வகையா என்று கேளுங்கள். அரோமாட்டிக் வகை புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும், வெள்ளைக் காரில் அது அப்பட்டமாகத் தெரியும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், நெடுஞ்சாலையில் ஓடும் சாதாரணக் குடும்பக் காருக்கு முன்பக்கம் மட்டும் போதும் என்பதே என் கருத்து: பம்பர், முழு பானட், ஃபெண்டரின் முன்பகுதி, மிரர், ஹெட்லைட், தூண்கள், கூரை விளிம்பு. பட்ஜெட் இன்னும் குறைவா? பானட்டுக்கு முதலிடம் கொடுங்கள். பம்பர் அதிக அடி வாங்கினாலும் அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. பானட் பெரும்பாலும் இரும்புத் தகடு. பானட்டின் பாதிக்கு மட்டும் ஒட்டினால் நடுவே ஒரு கோடு நிற்கும், அதில் செம்மண் சேர்ந்துகொண்டே இருக்கும்.

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் தோட்டத்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. இருபுறமும் உண்ணிச்செடியும் சீமைக்கருவேல முள்ளும் உரசும் வண்டிப்பாதையில் கதவுகள்தான் அடி வாங்கும். அவர்கள் கதவுகளுக்கும் ஒட்டுவது நியாயம். கீறல் பளிச்சென்று தெரியும் கறுப்பு கார் என்றால் இன்னும் நியாயம்.

பழைய காரானால் ஒன்றைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் பெயிண்டை சுமார் 140 டிகிரியில் வேகவைக்கிறார்கள். பட்டி பார்த்துப் பட்டறையில் அடித்த பெயிண்டுக்கு அந்தப் பிடிப்பு இருக்காது. பின்னாளில் பிலிமை உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரலாம். ஒட்டும் முன் கடைக்காரரிடம் பெயிண்ட் தடிமனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு பேனலில் மட்டும் 200, 300 மைக்ரான் என்று காட்டினால் அது மறுபடி அடித்த பேனல். அங்கே பிலிம் வேண்டாம்.

ஒட்டிய பிறகும் பறவை எச்சத்தையும் மாமரப் பாலையும் காயவிடக் கூடாது, அவை பிலிமின் மேல்பூச்சையும் அரிக்கும். போர் தண்ணீரில் கழுவினால் உப்புக் கறை படியும் முன்பே துடைத்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை பிலிமின் விளிம்புக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், விளிம்பு தூக்கிக்கொண்டால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.