மண்டபத்தில் மிருதங்கம் ஏன் குழம்புகிறது?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ஜெர்மனியில் எபர்பாக் என்ற பழைய மடாலயத்தில் நடந்த கச்சேரியை யூடியூபில் பார்த்தாராம், சுற்றிலும் வெறும் கல் சுவர், ஆனாலும் பாட்டு அப்படி இழைகிறது, நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் மட்டும் மிருதங்கம் ஏன் குழம்பிப்போகிறது?

எபர்பாக் 1136-இல் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கிய மடம். 1803-இல் மடம் கலைக்கப்பட்டது. இப்போது ரைங்காவ் இசை விழாக் கச்சேரிகள் அங்கே நடக்கின்றன. கல் ஒலியை உறிஞ்சாது, திருப்பி அனுப்பிவிடும். பாடி நிறுத்திய பிறகும் சுரம் சில விநாடி நிற்கும். பள்ளியில் படித்த எதிர்முழக்கம்தான். துறவிகள் பாடியது நிதானமான ஒற்றை மெட்டு, அதற்கு இது சுகம். மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் விநாடிக்கு 8 சொல் (ஒவ்வோர் அடியும் ஒரு சொல்) விழுகிறது என்றால், 3 விநாடி முழக்கத்தில் 24 சொல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அப்புறம் தகிட எது, தகதிமி எது?

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சரிசெய்யும் வேலையை இந்த இளம் பேராசிரியர் தலையில் கட்டினார்கள். ராத்திரி சத்தம் அடங்கியதும் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்புவார், ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்துவார், முழக்கம் காதுக்குக் கேட்காமல் போகிற வரை கையில் ஸ்டாப்வாட்ச். காலையில் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும்! காலி அரங்கில் ஐந்தரை விநாடி வந்தது, மெத்தை சேரச் சேரக் குறைந்தது. உறிஞ்சலுக்கு அவர் பிடித்த அலகு இன்னும் அழகு: திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது அல்லவா? அரங்கின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, சுவர், தரை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமோ அதால் வகுத்தால் விநாடிக் கணக்கு வந்துவிடும்.

சரி, போட்டுப் பார்ப்போம். ஒரு கல்யாண மண்டபம்: 25 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம். டைல்ஸ் தரை, பூசிய சுவர், எல்லாம் விழும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கை உறிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 37 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். காலியாக இருந்தால் கிட்டத்தட்ட 10 விநாடி. ஓர் ஆள் சுமார் அரை சதுர மீட்டர், ஆகவே 400 பேர் உட்கார்ந்தால் ஒன்றரை விநாடிதான். ஆனால் ரிசப்ஷன் கச்சேரியில் பாதிக் கூட்டம் பந்தியில், மீதி செல்ஃபியில், எதிரே இருப்பது 60 பேர். 5 விநாடிக்கு மேல் போய்விடும். மைக் செட்டில் சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் கூடவே ஏறும், பயன் இல்லை.

வாசற்படி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று வாஸ்துக்காரருக்குக் கொட்டிக் கொடுக்கிற மண்டபக்காரர்கள், பின்சுவருக்கு ஒரு கனமான திரை போட யோசிப்பது எனக்குப் புரியவே இல்லை. அதுவரை ஜன்னல்களைத் திறக்கச் சொல்லுங்கள்: 2 சதுர மீட்டரில் 10 ஜன்னல் என்றால் 40 ரசிகர்கள் கூடுதலாக வந்த கணக்கு. சேலம் ஐந்து ரோடு பக்கத்து மண்டபம் என்றால் பஸ் ஹாரன் உள்ளே வரும், அது வேறு கணக்கு.