உயிலுக்கு முன்னால் பெயரைச் சரிபாருங்கள்

"நம்மகிட்ட என்ன சொத்து இருக்கு மிஸ்?" இலங்கை மலையகத்தில் ஹட்டனில் உயில், காணி உறுதி எழுதும் நொத்தாரிசாக வேலை செய்யும் எனக்கு, உயில் பேச்சை எடுத்தாலே கிடைக்கும் பதில் இதுதான். தோட்டம் கொடுத்த லயக் காமிரா (லய வீட்டு அறை) நம் பெயரில் இல்லை, சரி. ஆனால் 30 வருடம் கொழுந்து பறித்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, ஊழியர் நம்பிக்கை நிதி இருக்கிறது, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம் இருக்கிறது. பாஸ் புத்தகம், அடகில் ஒரு சங்கிலி, சிலருக்கு 7 பேர்ச் காணியில் வீடு. இதெல்லாம் சொத்துதான்.

போன மாதம் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சிலிசிலிப் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் விரித்தார். இறந்துபோன கணவருக்கு அடையாள அட்டையில் செல்வராஜ் என்று பெயர். செக்ரோல் என்ற தோட்டப் பெயர்ப் பதிவேட்டிலும் சேமலாப நிதியிலும் ராஜூ. மரணச் சான்றிதழில் செல்வராஜா. மூன்றும் ஒரே ஆள் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பணம் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தெரியாதே. விவாகப் பதிவும் இல்லை. கோயிலில் தாலி கட்டி 32 வருடம் குடும்பம் நடத்தியவர். வழக்கப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றம் ஏற்கும்தான், ஆனால் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அந்தக் கல்யாணத்தைப் பார்த்த பெரியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

எங்கள் மலையகத்தில் உயிலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கணக்கு, பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். ஆள் இருக்கும்போது அவரே கையெழுத்து வைத்துத் திருத்திவிடலாம். போன பிறகு, சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் சத்தியக் கடதாசிக்கு மேல் சத்தியக் கடதாசிதான். விவாகத்தை இப்போதும் பதியலாம். பேரப்பிள்ளை கண்ட தம்பதிகளும் வந்து பதிந்திருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், சேமலாப நிதியில் உங்களுக்குப் பின் பணம் பெறுபவராக யார் பெயர் இருக்கிறது? 18 வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தபோது அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு, அம்மா காலமாகியும் மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். தோட்டக் கிளாக்கரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

உயில் எழுதாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி சொத்தில் பாதி கணவன் அல்லது மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சம பங்கு. கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே பங்குதான். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் சொன்னார் என்று தேசவழமையைக் கொண்டுவருகிறார்கள். அது வடக்குத் தமிழருக்கான சட்டம், நமக்குப் பொதுச் சட்டம்தான்.

இந்தப் பங்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்றால் உயில் எழுதுங்கள். உதாரணமாக, நடக்க முடியாத ஒரு பிள்ளைக்கு வீட்டை முழுசாக விட நினைக்கலாம். நொத்தாரிசு முன்னிலையில் 2 சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் 5 சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். 7 பேர்ச் வீட்டுக்காரர்கள் முதலில் காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்திருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, கைமாற்ற நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளிநாடு போகும்போது, நமக்குப் பதிலாக இன்னொருவர் காரியம் பார்க்க எழுதிவைக்கும் அற்றோனித் தத்துவம், எழுதியவர் இறந்த நிமிடமே செல்லாது. அதை உயில் என்று நம்பி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

அந்த அம்மா எழுந்து போகும்போது தன் அடையாள அட்டையையும் நீட்டினார். "என் பேராவது சரியா இருக்கா பாருங்க மிஸ்." பிறப்புச் சான்றிதழோடு ஓர் எழுத்து ஒத்துப்போகவில்லை. மறுபடி உட்காரவைத்து, அன்றைக்கே அதற்கு விண்ணப்பம் எழுதினோம்.