எக்ஸ்பான்ஷனுக்கு முழு விலை கொடுக்கலாமா?

போன வாரமும் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி, பக்கத்தில் முகம் தொங்கிப்போன மகன். பிறந்த நாளுக்கு என்று வேறெங்கோ முழு விலை கொடுத்து வாங்கிய ஷூட்டர் கேம், அதாவது துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம். பெட்டியைத் திறந்தால் டிஸ்க் இல்லை, ஒரு சீட்டுதான், அதில் டவுன்லோடு செய்வதற்கான ஒரு கோட். பையன் கோடைப் போட்டும் விட்டான். அதற்குப் பிறகுதான் அது எக்ஸ்பான்ஷன், அதாவது ஏற்கெனவே வந்த ஒரு கேமுக்கான கூடுதல் பகுதி என்பதும், மூல கேம் இல்லாமல் ஓடாது என்பதும் தெரிந்திருக்கிறது. "சார், இதை வச்சுக்கிட்டு அந்த மெயின் கேமைக் குடுத்துருங்க" என்றார். ஒருமுறை போட்ட கோடை எந்தக் கடைக்காரராலும் திரும்ப எடுக்க முடியாது. பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பெயர். மூல கேம் தேவை என்ற வரி பின்பக்க மூலையில், எறும்பு அளவில்.

புது கேம் விற்பதும் பழைய டிஸ்க் எடுப்பதும் என் தொழில். இதே கதையை வேறு வேறு முகங்களில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முன்பெல்லாம் விலையைப் பார்த்தாலே சரக்கின் அளவு தெரிந்துவிடும். 2008-ல் கிரைசிஸ் வார்ஹெட் 30 டாலருக்கு வந்தது. மூல கேம் இல்லாமலே ஓடும், ஆனால் சின்னது, அதனால் முழு விலையைவிடக் குறைவு. 2013-ல் ஃபார் க்ரை 3-இன் பிளட் டிராகன் 15 டாலர். 2015-ல் வுல்ஃபென்ஸ்டைன்: தி ஓல்ட் பிளட் 20 டாலர். யாரும் ஏமாறவில்லை, யாரும் சண்டைக்கும் வரவில்லை.

முழு விலைப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2009 செப்டம்பரில், ஹேலோ 3: ஓடிஎஸ்டி வந்தபோது. சின்ன எக்ஸ்பான்ஷனாகத் தொடங்கி வளர்ந்த வேலை அது என்பதை உருவாக்கிய பங்கி நிறுவனமே மறைக்கவில்லை. கடைசியில் 60 டாலருக்கு வந்தது. இரண்டு டிஸ்க். ஒன்றில் நியூ மொம்பாசா நகரத்தில் நடக்கும் புதிய கேம்பெய்ன் (கதையாக ஆடும் பகுதி), அலை அலையாக எதிரிகள் வரும் ஃபயர்ஃபைட் மோடு. இன்னொன்றில் ஹேலோ 3-இன் மல்டிபிளேயர் (மற்ற ஆட்டக்காரர்களோடு ஆடும் பகுதி) முழுவதும், எல்லா மேப்களோடும், அதாவது ஆடுகளங்களோடும். இங்கேதான் கவனிக்க வேண்டும். ஹேலோ 3 ஏற்கெனவே வைத்திருந்து, மேப் பேக்குகளையும் காசு கொடுத்து வாங்கிய ஒருவருக்கு அந்த இரண்டாவது டிஸ்க்கில் புதிது என்று கிடைத்தது மூன்றே மேப்கள். ஹேலோவே தொடாதவருக்கு அது முழுப் பொட்டலம். ஒரே பெட்டி, ஒரே விலை, இரண்டு பேருக்கு இரண்டு மதிப்பு. அந்த கேம்பெய்ன் எனக்கு மிகவும் பிடிக்கும். மழை பெய்யும் அந்த இருண்ட நகரத்தில் தனியாக நடக்கும் உணர்வுக்கு ஈடாக அந்தத் தொடரில் இன்னொன்று இல்லை. ஆனாலும் பழைய ஆட்டக்காரர் கேட்டிருந்தால், விலை இறங்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்து 2023 நவம்பர் 10. கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3, விலை 70 டாலர். இது முந்தைய ஆண்டு வந்த மாடர்ன் வார்ஃபேர் 2-க்கு எக்ஸ்பான்ஷனாகத் தொடங்கப்பட்டது என்றும், சுமார் 16 மாதங்களில் முடிக்கப்பட்டது என்றும் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. கேமை உருவாக்கிய ஸ்லெட்ஜ்ஹேமர் நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்ற வழக்கு நமக்கு எதற்கு? கையில் கிடைத்ததைப் பார்ப்போம். வெளியீட்டு நாளில் மல்டிபிளேயரின் அடிப்படை மேப்கள் 16. பதினாறுமே 2009-இல் வந்த பழைய மாடர்ன் வார்ஃபேர் 2-வின் (பெயர் ஒன்றுதான், கேம் வேறு) மேப்கள், புதிய கிராஃபிக்ஸில் திரும்பக் கட்டியவை. கேம்பெய்ன் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அதிலும் பல மிஷன்கள் அதே தொடரின் இலவச ஆன்லைன் கேமான வார்ஸோன் ஆடியவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான இடங்களில் நடப்பவை. கேம் விமர்சனம் எழுதும் ஐஜிஎன் தளம் கேம்பெய்னுக்குப் பத்துக்கு நாலு கொடுத்தது. முந்தைய ஆண்டு வாங்கிய துப்பாக்கிகளும் ஸ்கின்களும் (அலங்காரத் தோற்றங்கள்) பெரும்பாலும் அப்படியே கூட வந்தன. அது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்பான்ஷன் என்றாலும் அதுதானே நடந்திருக்கும்?

முந்தையதை வைத்திருந்தவருக்கு அது 70 டாலர் பெறுமா? பெறாது என்பதே என் கணிப்பு. புதிதாக உள்ளே வருபவருக்குப் பெறலாம். பின்னால் சீசன்களில் புது மேப்கள் இலவசமாக வந்தன, ஸோம்பி மோடும் இருந்தது. ஆனால் முதல் நாளே முழு விலை கொடுத்தவர் பணம் கொடுத்தது அன்றைக்கு இருந்ததற்கு மட்டுமல்ல, இனிமேல் வரும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்து.

இப்போது என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் கணக்குக்கு வருகிறேன். "அண்ணா, 70 டாலர், நான் 200 மணி நேரம் ஆடுவேன். மணிக்கு எவ்வளவு ஆகுது பாருங்க, சினிமா டிக்கெட்டைவிட மலிவு." இதைச் சொல்லாத கல்லூரிப் பையனே இல்லை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அடியோடு தப்பு. தம்பி, அந்த 200 மணி நேரத்தை இது வராவிட்டால் எதில் செலவழித்திருப்பாய்? ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் பழைய பாகத்தில்தானே? அங்கேயும் அதே ஆறுக்கு ஆறு, அதே டீம் டெத்மேட்ச், அதே நண்பர்கள். அந்த மணி நேரங்களுக்கான காசைப் போன வருடமே கொடுத்தாயிற்று. அதையே இந்த வருடக் கணக்கிலும் எழுதினால் ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை கொடுப்பதுபோல ஆகிவிடும். புதிய விலையைப் புதிய சரக்கால் மட்டும்தான் வகுக்க வேண்டும். புதிய கேம்பெய்ன் எத்தனை மணி நேரம்? முன்பு எங்கும் இல்லாத மேப் எத்தனை? ஆடும் விதத்தையே மாற்றும் மோடு ஏதாவது உண்டா? இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டு அப்புறம் வகுத்துப் பார்.

இன்னொன்றும் இருக்கிறது. மணி நேரத்தைக் கூட்டுவது கம்பெனிக்குச் சுலபமான வேலை. துப்பாக்கிக்கு லெவல், லெவலுக்குப் பத்துப் பத்தாகச் சவால், சவாலுக்கு ஒரு நிறம், தினமும் வந்தால் ஒரு பரிசு. ஒரே மேப்பில் ஒரே மூலையில் நின்று ஹெட்ஷாட் எண்ணிக்கொண்டிருப்பதும் அந்த 200-இல்தான் சேர்கிறது. ஆறு மணி நேரத்தில் முடிந்து, வருடக்கணக்கில் நினைவில் நிற்கும் கேம்பெய்ன்கள் உண்டு. ஆறு மாதம் ஆடியும் ஒரு காட்சிகூட மனதில் தங்காதவையும் உண்டு. மணி நேரம் மதிப்பாகாது. கடையில் இதைத் தினமும் சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

ஜிபி கணக்கும் இப்படித்தான். "150 ஜிபி வருது அண்ணா, அப்ப பெரிய கேம்தானே?" இல்லை. டெக்ஸ்சரும் ஒலிக் கோப்புகளும் சேர்ந்தால் எந்த கேமும் வீங்கும். டிஸ்க் இருந்தால் எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2022-இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2-வின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது ஏறக்குறைய 70 எம்பிதான். மீதி முழுவதும் டவுன்லோடு.

உண்மையில் பலர் முழு விலை கொடுப்பதற்குக் காரணம் வேறு. நண்பர்கள் எல்லோரும் புதியதற்குப் போய்விடுவார்கள், பழைய லாபியில் தனியாக உட்கார முடியாது. இது நியாயமான காரணம், இதை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு பத்து மணிக்கு ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாலு பேர் சிரித்துப் பேசும் அந்த நேரம்தான் சில பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஒரே நட்பு. ஆனால் அப்படியென்றால் நாலு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். ஒருவன் முதல் நாளே வாங்கி, மற்ற மூன்று பேரையும் இழுத்துவிடுகிறான். நாலு பேரும் ஒரு மாதம் பொறுப்பது என்று பேசிக்கொண்டால் நாலு பேருக்கும் பணம் மிச்சம். இன்னும் பொறுத்தவர்களுக்கு, மாடர்ன் வார்ஃபேர் 3 2024 ஜூலையிலேயே கேம் பாஸ் என்ற மாதச் சந்தாவுக்குள் வந்துவிட்டது.

டெஸ்டினி என்ற ஆன்லைன் ஷூட்டர் தொடரை ஆடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2015-இல் தி டேக்கன் கிங் என்ற எக்ஸ்பான்ஷன் வந்தபோது, எல்லாவற்றையும் ஏற்கெனவே வாங்கிய பழைய ஆட்டக்காரர் அதற்கு மட்டும் 40 டாலர் கொடுத்தார். புதிதாக வந்தவர் மூல கேம், முந்தைய இரண்டு எக்ஸ்பான்ஷன், இது என நான்கையும் 60 டாலருக்கு வாங்கிப் போனார். டெஸ்டினி 2-இல் இன்னும் ஒரு படி மேலே. 2020 நவம்பரில் மூலக் கதையான ரெட் வாரும் முதல் இரண்டு எக்ஸ்பான்ஷன்களும் கேமிலிருந்தே எடுக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் ஃபோர்சேக்கன் எக்ஸ்பான்ஷனின் கேம்பெய்னும் போயிற்று. காசு கொடுத்து வாங்கியவருக்கும் அதுதான் கதி. 2023-இல் லைட்ஃபால் எக்ஸ்பான்ஷன் 50 டாலர், அந்த ஆண்டின் டன்ஜன்களுக்கு (குழுவாக ஆடும் தனிச் சவால் பகுதிகள்) தனிக் காசு. சர்வரில் மட்டுமே வாழும் ஒரு பொருளுக்கு முழு விலை கொடுக்கும்போது, நாளைக்கும் அது அங்கேயே இருக்குமா என்று ஒரு நிமிடமாவது யோசியுங்கள்.

சரி, என்ன செய்வது?

ப்ரீ-ஆர்டர் செய்யாதீர்கள். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது. முன்கூட்டியே ஆடலாம் என்று ஆசை காட்டுவார்கள். மாடர்ன் வார்ஃபேர் 3-க்கு அப்படித்தான் கேம்பெய்னை ஒரு வாரம் முன்பே திறந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் ஆடி முடித்தவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று நிதானமாக முடிவெடுத்தவர்கள்தான் புத்திசாலிகள். டிரெய்லரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யாராவது வெட்டாமல் ஆடிய வீடியோவை அரை மணி நேரம் பாருங்கள், மேப் பட்டியலைத் தேடிப் படியுங்கள்.

கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். நாலு மணி நேரக் கேம்பெய்னில் இரண்டு மணி நேரம் என்றால் பாதி. அதனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே மனதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் விதி இன்னும் கடுமை: டவுன்லோடு தொடங்கிவிட்டால் சாதாரணமாகப் பணம் வராது. தானாக டவுன்லோடு ஆகும் வசதியை அணைத்து வையுங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் அணைப்பதில்லை.

விற்று ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்கள் டிஸ்க்காக வாங்குங்கள், அதையும் சீக்கிரம் கொண்டு வாருங்கள். முதல் வாரத்தில் நாங்கள் தரும் தொகை மூன்றாவது மாதத்தில் கிடைக்காது. எக்ஸ்பான்ஷன் கோட் என்றால் மறுவிற்பனையே கிடையாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கி ஆச்சரியப்படுத்தும் ஆசை புரிகிறது. ஆனால் ஷூட்டர் கேமை மட்டும் அப்படி வாங்காதீர்கள். வீட்டில் இருப்பது எந்த கன்சோல், இந்தத் தொடரில் ஏற்கெனவே எந்த பாகம் இருக்கிறது, நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். பெட்டியைக் கையில் எடுத்ததும் திருப்பி, பின்பக்க மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள். படித்துச் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.