நான்காவது இலக்கத்துக்கு இடமில்லை

என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். இலங்கையின் ஹட்டனில் உட்கார்ந்து கோபோல் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய சம்பளச் செய்நிரல்களைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டங்கள்தான் ஞாபகம் வரும்.

கோபோலின் வடிவமைப்பு 1959இல் தொடங்கியது. தகவலை அட்டையில் துளைகளாகப் பதிந்த துளையட்டைக் காலம் அது. ஓர் அட்டையில் 80 இடம்தான். அதனால் எந்த எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'பிக் 9(3)வி99' என்றால் ரூபாவுக்கு மூன்று இலக்கம், சதத்துக்கு இரண்டு. 'வி' புள்ளியின் இடத்தைக் காட்டுகிறது, ஆனால் புள்ளி சேமிக்கப்படாது. 700 ரூபா கோப்பில் 70000 என்றே கிடக்கும்.

2019இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் அந்த 700 ரூபாதான். 2021இல் நாட்சம்பளம் ஆயிரமானது. எவ்வளவோ போராடிப் பெற்ற அந்த 1000ஐ, மதிப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும் 'மூவ்' கட்டளையால் இதே கட்டத்தில் போட்டுப் பாருங்கள். கோபோல் புள்ளியிலிருந்து இடப்பக்கமாக அடுக்கும். மூன்று இலக்கத்தோடு இடம் முடிந்துவிடும், முன்னால் நிற்கும் 1 விழுந்துவிடும். மிஞ்சுவது 000. பிழைச் செய்தி ஒன்றும் வராது. கூட்டல், பெருக்கலுக்கு, விடை கட்டத்தில் அடங்காவிட்டால் பிடிக்க 'ஆன் சைஸ் எரர்' என்று காவல் வைக்கலாம். மூவுக்கு அதுவும் இல்லை.

சரி, கட்டத்தை அகலமாக்கினால் போதாதா? செய்நிரலில் அது ஓர் எழுத்து வேலை, வினை கோப்பில்தான். ஆளின் பதிவு எண் 1 முதல் 5 வரை, நாட்சம்பளம் 6 முதல் 10 வரை, வேலை செய்த நாட்களின் பேர்க் கணக்கு 11, 12ஆம் இடங்களில் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் ஓரிடம் வளர்ந்தால் பேர் 12, 13க்கு நகரும். பழைய அளவிலேயே நிற்கும் இன்னொரு செய்நிரல் அதைப் படித்தால், 1000 ரூபா 100 ஆகும். சம்பளத்தின் கடைசிப் பூச்சியத்தோடு பேரின் முதல் இலக்கம் ஒட்டிக்கொண்டு 24 பேர் 02 ஆகும். கைக்கு வரவேண்டிய 24,000 ரூபா 200 ரூபாவாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு இந்த மொழி எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. பல மொழிகளில் பின்ன எண்களைத் 0, 1 மட்டுமே கொண்ட துவித முறையில் வைப்பதால் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வரும். கோபோலின் கட்டங்களில் தசம இலக்கம் அப்படியே இருப்பதால் விடை 0.3. சம்பளக் கணக்கில் ஒரு சதமும் தவறக்கூடாது.

ஆகவே கட்டத்தில் கைவைக்கும் முன், அந்தக் கோப்பைத் தொடும் செய்நிரல்களையெல்லாம் தேடி எழுதிக்கொள்வேன். அப்புறம் பழைய பதிவுகளைப் புது அளவுக்கு மாற்றி, போன மாதச் சம்பளத்தை மறுபடி ஓட்டி, அச்சடித்த பட்டியலோடு ஆள் ஆளாக ஒப்பிடுவேன்.