வேகவாசிப்பு வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

"ஒரு பாஸேஜ் படிக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறது, ஸ்பீட் ரீடிங் வகுப்பில் சேரட்டுமா?" ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்பதுதான். இந்த முறை வந்த மாணவியோ ஏற்கெனவே சேர்ந்து முடித்தும் விட்டார். நிமிஷத்துக்கு 600 சொல் படிக்கிறாராம். மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) ஆர்.சி., அதாவது பாஸேஜைப் படித்து விடை தரும் பகுதியின் மதிப்பெண் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இனி ஒரு பிள்ளையும் இதற்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024 கேட் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 40 நிமிஷம், 24 கேள்வி. அதில் 16 கேள்விகள் நான்கு பாஸேஜ்களிலிருந்து வந்தவை. மீதி எட்டுக்கு 12 நிமிஷம் ஒதுக்கினால் ஒரு பாஸேஜுக்கு 7 நிமிஷம் கிடைக்கும். பாஸேஜ் ஏறக்குறைய 500 சொல். நிமிஷத்துக்கு 200 சொல் என்ற சாதாரண வேகத்தில் படித்தால் இரண்டரை நிமிஷத்தில் முடிந்துவிடும். நான்கு கேள்விகளுக்கு நாலரை நிமிஷம் மிச்சம். அது போதும்.

இப்போது வேகத்தை இரட்டிப்பாக்குவோம். பாஸேஜுக்கு ஒன்றேகால் நிமிஷம் மிச்சமாகும், நான்குக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம். ஆனால் ஓட்டமாகப் படித்தவர் ஒவ்வொரு கேள்விக்கும் பாஸேஜுக்குள் திரும்பப் போய்த் தேடுகிறார். ஒரு தேடலுக்கு அரை நிமிஷம் என்றாலும் 16 கேள்விக்கு எட்டு நிமிஷம் போய்விடும். ஐந்தைச் சம்பாதித்து எட்டைத் தொலைக்கிறோம். அந்த மாணவிக்கு நடந்தது இதுதான்.

ஆய்வுகளும் வேகவாசிப்புக்கு ஆதரவாக இல்லை. ஆங்கிலத்தில் மௌன வாசிப்பு பற்றிய ஆய்வுகளை மார்க் பிரிஸ்பார்ட் 2019இல் தொகுத்தபோது, கதையல்லாத நூல்களுக்குக் கிடைத்த சராசரி நிமிஷத்துக்கு 238 சொல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே கீத் ரேனரும் சக ஆய்வாளர்களும் வேகவாசிப்பின் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வேகம் கூடினால் புரிதல் குறையும் என்று எழுதிவிட்டார்கள். மனதுக்குள் உச்சரிக்காமல் படி, கண்ணைப் பின்னால் நகர்த்தாதே என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்களே, அவர்கள் விடச் சொல்லும் அந்த இரண்டு பழக்கமும் கடினமான உரைநடையைப் புரிந்துகொள்ள நமக்குத் தேவையானவை. 'எக்செப்ட்' (தவிர) என்ற ஒரு சொல்லைக் கண் தவறவிட்டால் கேள்வியே தலைகீழாகிவிடும். பின்னால் போய்ப் பார்க்காமல் எப்படி?

சரி, ஒரு பாஸேஜ் படிக்க ஐந்து நிமிஷம் ஆகிறது என்கிறார்களே, அந்த நேரம் எங்கே போகிறது? பெரும்பாலும் இரண்டு மூன்று நீள வாக்கியங்களில்தான். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் தமிழாக்குகிறார்கள். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னால் வந்துவிடும், நமக்குக் கடைசியில் வரும். நடுவில் 'விச்', 'ஹூ' என்று இரண்டு கிளை முளைத்தால் மொழிபெயர்ப்பு பாதியில் அறுந்துபோகும், திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். இதற்கு மருந்து உண்டு. தினமும் பத்து நீள வாக்கியங்களை எடுத்து எழுவாயையும் முதன்மை வினையையும் மட்டும் அடிக்கோடிடுங்கள், கிளைகளை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். கால் மணி நேரம் போதும். தமிழில் மாற்றாதீர்கள். யார், என்ன செய்தார் என்பது தெரிந்தால் அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். சில வாரங்கள் விடாமல் செய்தால் வேகம் தன்னால் வரும்.

மதிப்பெண் போவது ஆப்ஷன்களில். பாஸேஜ் புரிந்தது, இரண்டு ஆப்ஷனுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன், தவறானதை எடுத்துவிட்டேன் என்பார்கள். துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவார்கள், கோபம் வரும் எனக்கு. ஒரு சின்ன மாதிரியைப் பாருங்கள், தமிழிலேயே தருகிறேன்.

"வரைபடங்கள் பயணிகளுக்கு வழிகாட்டவே பிறந்தன என்பது நெடுநாள் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை, மாலுமிகளின் கையில் வரைபடங்கள் இருந்தன. ஆனால் வரையக் காசு கொடுத்தவர்கள் பெரும்பாலும் நிலவரிக்காக எல்லைகளை அறிய வேண்டியிருந்த அரசுகள்."

ஆசிரியரின் நிலைப்பாடு என்ன? அ) வரைபடங்கள் வரிக்காகவே உருவாயின, பயணத்துக்காக அல்ல. ஆ) பயணத்தை மட்டும் சொல்லும் விளக்கம் முழுமையானதல்ல. இ) அரசுகள் மாலுமிகளிடமிருந்து வரைபடங்களை மறைத்தன. ஈ) நிலவரி இல்லையேல் வரைபடக்கலை வளர்ந்திருக்காது.

அவசரத்தில் கை 'அ'வுக்குப் போகும். ஆனால் "உண்மை இல்லாமல் இல்லை" என்று ஆசிரியர் விட்டுக்கொடுத்த இடத்தை அது அழித்துவிடுகிறது. 'இ' பாஸேஜிலேயே கிடையாது. 'ஈ', "பெரும்பாலும்" என்பதைப் பிடித்து நிபந்தனையாகவே ஆக்கிவிடுகிறது. விடை 'ஆ'. சப்பென்று இருக்கிறது அல்லவா? கேட் தேர்வில் சரியான விடை பல நேரம் இப்படித்தான் இருக்கும். ஆசிரியர் எவ்வளவு அழுத்திச் சொன்னாரோ அவ்வளவுதான் சொல்லும், ஒரு படி கூடப் போகாது. 'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'நெவர்' என்று ஆப்ஷன் உறுதியாகப் பேசினால், பாஸேஜும் அதே உறுதியோடு பேசியதா என்று பாருங்கள். (அதற்காக 'ஒன்லி' இருந்தாலே தவறு என்று சூத்திரம் எழுதி வைக்காதீர்கள், அதையும் செய்கிறார்கள்.) இன்னொரு வலை, ஆசிரியர் மேற்கோள் காட்டும் எதிர்த்தரப்பின் கருத்தை அவர் கருத்தாகவே கொடுப்பது. 'ஹவெவர்', 'யெட்' வந்தால் அதற்கு முன்னால் யார் பேசினார், பின்னால் யார் பேசுகிறார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு நாளில் ஐந்து பாஸேஜ் முடித்தேன் என்று எண்ணிக்கை சொல்லாதீர்கள். இரண்டு போதும். 7 நிமிஷக் கடிகாரம் வைத்து ஒன்றைச் செய்யுங்கள். விடைத்தாளைத் திறக்கும் முன், கடிகாரம் இல்லாமல் அதே கேள்விகளை மறுபடி செய்யுங்கள். முதல் முறை தவறி இரண்டாம் முறை சரியானால் குறை நேரத்தில். இரண்டு முறையும் தவறினால் குறை புரிதலில். இரண்டுக்கும் பயிற்சி வேறு. பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த ஆப்ஷனை எடுத்தேன், ஏன் எடுத்தேன், பாஸேஜின் எந்த வரி அதைத் தள்ளுகிறது. மூன்றாவதற்கு எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்தக் கேள்வியை நீங்கள் இன்னும் முடிக்கவில்லை. விளக்கவுரையைப் படித்துத் தலையாட்டுவதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சொற்பட்டியல் மனப்பாடம் வேண்டாம். கேட் தேர்வு சொல்லுக்குப் பொருள் கேட்பதில்லை. தெரியாத சொல் வந்தால் அந்த வாக்கியம் ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா என்று மட்டும் ஊகித்து நகருங்கள், அகராதி பிறகு. கேள்விகளை முதலில் படித்துவிட்டுப் பாஸேஜுக்குள் போகும் பழக்கத்தையும் விடுங்கள். நான்கு கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு வாதத்தைப் பின்தொடர முடியாது.

தினமும் ஒரு நீள ஆங்கிலக் கட்டுரை, 1500 சொல்லுக்குக் குறையாமல். தத்துவம், மானுடவியல், பொருளாதார வரலாறு என்று உங்களுக்குப் பிடிக்காத துறையாகப் பார்த்து எடுங்கள். செய்தித்தாளின் முதல் பக்கம் இதற்கு உதவாது, அங்கே வாதம் இருக்காது. போனில் படிக்காதீர்கள், தயவுசெய்து. தேர்வு கணினித் திரையில் நடக்கிறது, அதே அளவுத் திரையில் பழகுங்கள்.

ஊகம் பற்றி ஒன்று. சரிக்கு 3, தவறுக்குக் கழித்தல் 1. நான்கில் கண்ணை மூடித் தொட்டால் நீண்ட கணக்கில் பூஜ்யம். ஒன்றைக் காரணத்தோடு தள்ளிவிட்டால் மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம், இரண்டைத் தள்ளினால் ஒரு முழு மதிப்பெண். ஆகவே இரண்டில் மாட்டிக்கொண்ட கேள்வியைக் காலியாக விடாதீர்கள். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவே கிடையாது, ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள்.

பயிற்சி நிறுவனங்களின் மாக் டெஸ்ட் ஆப்ஷன்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை. வாதாடி ஜெயிக்கக்கூடிய கேள்விகளும் உண்டு. அதில் மதிப்பெண் குறைந்தால் மனம் உடையாதீர்கள். அளவுகோல் அசல் பழைய வினாத்தாள்தான். அவற்றில் கடைசி இரண்டு ஆண்டுகளுடையதைத் தொடாமல் வையுங்கள், அக்டோபர் பிறந்த பிறகு, 40 நிமிஷ முழுக் கடிகாரத்தோடு எடுங்கள்.