ஆளுமை: ஒரு சொல், இரண்டு வேர்

"ஆள் நல்ல பர்சனாலிட்டி" என்று பேச்சில் சொல்லும்போது, அந்த மனிதரின் உயரத்தையும் உடற்கட்டையும் நிமிர்ந்த நடையையும் மனத்தில் வைத்தே பெரும்பாலும் சொல்கிறோம். அந்தப் பொருளுக்கு 'வாட்டசாட்டமான ஆள்' என்னும் நல்ல வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உளவியல் பேசும் பர்சனாலிட்டி அதுவன்று. ஒருவர் எண்ணுவதிலும் உணர்வதிலும் நடந்துகொள்வதிலும், சூழல் மாறினாலும் பெரிதும் மாறாமல் தொடர்ந்து வருவதும் அவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவதுமான அமைப்பு முழுவதையும் அது குறிக்கிறது. இப்பொருளில் தமிழில் நிலைபெற்றுவிட்ட சொல் ஆளுமை.

பேச்சு வழக்கு தோற்றத்தைப் பிடித்துக்கொண்டதை முற்றிலும் பிழை என்றும் தள்ளிவிட முடியாது. மூலமான இலத்தீன் சொல் 'பெர்சோனா' முதலில் நாடக நடிகர் அணிந்த முகமூடியைத்தான் குறித்தது. அதிலிருந்து கதைமாந்தரையும், பிறகு சட்டத்தின் முன் உரிமையும் கடமையும் உடைய ஆளையும் குறிக்க வந்தது. முகமூடியின் வாய்வழியே குரல் ஒலித்ததால் 'ஊடே ஒலிப்பது' என்று பெயர் வந்ததாக ஒரு பழைய விளக்கம் உண்டு. கேட்க அழகாக இருந்தாலும், ஒலித்தல் என்னும் இலத்தீன் வினையில் வருவது குறிலான ஒகரம், பெர்சோனாவில் வருவது நெடிலான ஓகாரம் என்பதால் அது நிற்பதில்லை. இத்தாலியின் தார்குவீனியாவில், உரோமருக்கு முன்பே அங்கு வாழ்ந்த எத்துருஸ்கர் என்னும் மக்களின் கல்லறை ஓவியம் ஒன்றில், முகமூடி அணிந்த உருவத்தின் அருகே 'ஃபெர்சு' என்று எழுதப்பட்டிருப்பதால், சொல் எத்துருஸ்கரின் மொழியிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதுவோர் பலர்.

உளவியலாளர்களான கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் 1936-இல் ஓர் ஆங்கில அகராதியைச் சலித்து, மனிதரை ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபடுத்திக் காட்டும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றுள் நிலையான பண்புக்கூறுகளைச் சுட்டுவன ஏறத்தாழ 4,500 மட்டுமே. ஏனையவற்றுள் பெரும்பாலானவை நொடியில் வந்து மறையும் மனநிலைகளையும், பிறர் வழங்கும் பாராட்டையும் பழிப்பையும் குறித்தவை. சினம் கொண்டவர் வேறு, சினக்காரர் வேறு என்பதே இப்பாகுபாட்டின் சாரம். ஆளுமை என்பது இரண்டாவதைச் சேர்ந்தது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'ஆள்' என்பது பெயராக நின்றால் மனிதர். வினையாக நின்றால் அடக்கிக் காத்தல், கையாளுதல். அதனோடு மை விகுதி நேரே சேர்ந்தால் ளகரம் ணகரமாகி 'ஆண்மை' ஆகும். குறளில் வரும் தாளாண்மை, இல்லாண்மை போன்ற சொற்களை ஆண்பாலோடு முடிச்சுப் போடுவது தவறு. இல்லாண்மை என்பது தான் பிறந்த குடியை ஆளும் தன்மை. இடையே உகரம் பெற்று வந்தது 'ஆளுமை'. 'அவனை வளர்த்து ஆளாக்கினாள்' என்ற தொடரில் பெயர்ப்பொருளும், 'தன்னை ஆளத் தெரிந்தவர்' என்ற தொடரில் வினைப்பொருளும் இருக்கின்றன. முகமூடியில் தொடங்கிய சொல்லைவிட, ஆளிலும் ஆளுதலிலும் தொடங்கும் சொல் இந்தக் கருத்துக்கு நெருக்கமானது என்பேன்.

குணம், பண்பு என்று சொன்னால் போதாதா என்பாரும் உண்டு. போதாது. "குணநாடிக் குற்றமும் நாடி" என்று குறள் சொல்லும்போதே குணம் குற்றத்துக்கு எதிராக நிறுத்தப்பட்டுவிட்டது. பண்பும் அவ்வாறே, 'பண்பானவர்' என்றால் அது பாராட்டு. ஆளுமையோ நல்லது கெட்டது என்னும் தீர்ப்பை வழங்காத சொல், வழங்கவும் கூடாத சொல். 'ஆளுமைக் கோளாறு' என்று மனநல மருத்துவத்தில் சொல்ல முடிவதும் அதனால்தான். சுபாவம் பிறவியோடு வந்த இயல்பை மட்டும் சுட்டும்.

ஆளுதல் என்னும் பொருள் ஓங்கியதால் விளைந்த குழப்பமும் இருக்கிறது. மின்னாளுமை (இ-கவர்னன்ஸ்) என்பதில் அது அரசு நிருவாகம். 'இலக்கிய ஆளுமைகள்' என்னும்போது புகழ்பெற்ற மனிதர்களே ஆளுமைகளாகி விடுகிறார்கள். இவ்வழக்கு இதழ்களில் வேரூன்றிவிட்டது, இனி அதைப் பிடுங்க முடியாது. ஆனால் இதனால், மேடையில் அதிர்ந்து பேசுபவருக்கே ஆளுமை உண்டு, ஓரமாக அமைதியாக இருப்பவருக்கு இல்லை என்ற எண்ணம் பரவுவதுதான் உறுத்துகிறது. அமைதியும் ஓர் ஆளுமைக் கூறே.

அடுத்து வருவது 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்'. பயிற்சி வகுப்பு விளம்பரங்களில் இது ஆளுமை வளர்ச்சி என்றும் ஆளுமை மேம்பாடு என்றும் மாறி மாறி வருகிறது. இலங்கைத் தமிழில் ஆளுமை விருத்தி என்பார்கள். குழந்தை முதல் முதியவர் வரை தானே நிகழ்வதை வளர்ச்சி என்றும், ஒருவர் தெரிந்தே முயன்று தம்மைத் திருத்திக்கொள்வதை மேம்பாடு என்றும் வரையறுத்துக்கொண்டால் குழப்பம் தீரும். பேச்சுப் பயிற்சியால் வளர்ச்சி வராது, மேம்பாடு வரலாம்.

வளர்ச்சியின் கட்டங்களுக்குப் பருவம் என்பது பழகிய சொல். பிள்ளைத்தமிழ், தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரையையும் கைகொட்டும் சப்பாணியையும் தனித்தனிப் பருவமாக்கிய அளவுக்கு நுட்பமாக அதை ஆண்டிருக்கிறது. குண்டலகேசிப் பாடல் ஒன்று, பாலனாம் தன்மை செத்துக் காளையாம் தன்மை வருவதாக, ஒவ்வொரு கட்டத்தையும் முந்தியதன் சாவாகவே காண்கிறது. 1950-இல் மனித வாழ்வுக்கு எட்டுக் கட்டங்களை வகுத்த உளவியலாளர் எரிக் எரிக்சனின் கணக்கு வேறு: முதற்கட்டத்தில் குழந்தை அடையும் நம்பிக்கையோ அவநம்பிக்கையோ சாவதில்லை, பின்வரும் கட்டங்களுக்குள்ளும் கூடவே வருகிறது. ஆகவே வயதைச் சுட்டும் இடத்தில் பருவம் என்றும், எரிக்சன் சொல்லும் உள்ளப் போராட்டத்தைச் சுட்டும் இடத்தில் நிலை என்றும் எழுதுவது தெளிவு தரும். 'நான் யார்' என்னும் தன்னடையாளக் கேள்வி எழுவது, குமரப் பருவத்துக்குரிய ஐந்தாம் நிலையில்.