அச்சை மறைத்துவிட்டால் போதுமா?

குவாண்டம் சாவிப் பரிமாற்றக் கருவிகளை, அதாவது ரகசியச் சாவியை நுண்துகள்களில் ஏற்றி அனுப்புகிற கருவிகளை, சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். அடிக்கடி வருகிற ஒரு கேள்வி: "இரண்டு பக்கமும் எந்த அச்சில் (எதை 'மேல்' என்று வைத்து) அளக்கிறோம் என்பதை வெளியே சொல்லாமல் விட்டால், அதுவே இன்னொரு பூட்டு ஆகிவிடாதா?"

கேள்வியில் தப்பில்லை. 1984-இல் வந்த பிபி84 என்ற சாவிப் பரிமாற்ற முறையில் அச்சுகள் எவை என்பது ரகசியமே கிடையாது, இரு முனையும் ஒத்துப்போனால் சரி. போலரைசேஷன் (ஒளி அதிரும் திசை) 10 டிகிரி சாய்ந்தாலே சுமார் 3 சதவீதப் பிட்டுகள் தப்பாக வரும் என்பதால், எங்களுக்கு அச்சு என்றாலே திருகித் திருகித் திருத்துகிற தொல்லைதான். அதையே சாவியாகப் பயன்படுத்தலாம் என்று 2004-இல் பார்ட்லெட், ருடால்ஃப், ஸ்பெக்கென்ஸ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஒரே ஒரு ஸ்பின் துகளை (அச்சில் மேல் அல்லது கீழ் நோக்கி வைக்கக்கூடிய துகளை) அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் 'மேல்' எது என்று ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாது. எப்படி அளந்தாலும் அவருக்குப் பாதிக்குப் பாதிதான். பிரமாதம். அப்புறம் இரண்டாவது துகளையும் அனுப்புகிறீர்கள், சிக்கல் அங்கேதான். இரண்டையும் சேர்த்து அளக்கும்போது, ஒரே திசையில் இருந்தால் 'சிங்லெட்' என்ற கூட்டு நிலை ஒருபோதும் அகப்படாது; எதிரெதிராக இருந்தால் இரண்டில் ஒரு முறை அகப்படும். சிங்லெட்டுக்கு அச்சே கிடையாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அதுதான், ஆகவே அதைச் சோதிக்க உங்கள் அச்சு அவருக்குத் தேவையே இல்லை. அகப்பட்டால் 'இவை எதிரெதிர்' என்று அடித்துச் சொல்லிவிடுவார். திசையை மறைத்தோம், ஒப்பீட்டை மறைக்கவில்லை! ஆயிரம் துகள்களை மேல் பக்கமாகவே அனுப்பினால் அச்சையே அவர் ஏறக்குறைய கண்டுபிடித்துவிடலாம்.

ஒழுங்காகச் செய்ய வழி உண்டு. துகள்களைத் தனித்தனியாக இல்லாமல், ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் மாறாத கூட்டு நிலைகளில் மட்டும் வைத்து அனுப்பினால், வெளியாளுக்கு எல்லாமே ஒரே கலங்கலாகத் தெரியும். ஆனால் அதில் போகிற தகவல் 3 துகளுக்கு 2 கியூபிட் (குவாண்டம் பிட்), 7 துகளுக்கு 3, 1023 துகளுக்கு வெறும் 10. என்னைக் கேட்டால், இந்த விலைக்கு இதை அன்றாடக் கருவியில் வைக்க மாட்டேன்.

யாராவது 'ரகசிய அச்சு' என்று சொல்லிக் கருவி காட்டினால், ஒரே அச்சை வைத்து எத்தனை துகள் அனுப்பிவிட்டு மாற்றுகிறீர்கள், எந்த நிலைகளில் அனுப்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.